அந்தமானில் காட்டு நடை: நம் ஊர்க் கடிகாரத்தோடு போகாதீர்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் ஹேவ்லாக் ஜெட்டியில் தமிழ்ச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். 2018 டிசம்பரில் தீவின் பெயர் ஸ்வராஜ் தீவு என்று மாறிவிட்டாலும், ஆட்டோக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் ஹேவ்லாக்தான். வருகிற குடும்பங்கள் முதல் நாள் கடலில் ஆடித் தீர்த்துவிட்டு, மறுநாள் "லேசா ஏதாவது ட்ரெக்கிங் இருக்கா?" என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. மூன்றாம் நம்பர் கிராமத்திலிருந்து ஏழாம் நம்பரான ராதாநகருக்குப் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கினால், எலிஃபன்ட் பீச்சுக்குக் காட்டுப் பாதை. இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே நடந்துவிடுவார்கள்.

தூரம் குறைவு என்பதாலேயே ஆட்கள் அசட்டையாகப் போகிறார்கள். நான் இங்கே வந்த புதிதில் செய்த தவறுகளையே வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். தொப்பி, தண்ணீர், நல்ல காலணி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் கிளம்புவது

இதை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, எரிச்சல் மட்டும் குறையவில்லை.

இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. சென்னை இருப்பது 80 டிகிரியை ஒட்டி. ஹேவ்லாக் 93 டிகிரியில், பர்மாவுக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று போட்டுப் பாருங்கள்: சூரியன் சென்னையைவிட இங்கே சுமார் 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஆனால் இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும். டிசம்பரில் சென்னையில் 5.45 வாக்கில் மறைகிற சூரியன் இங்கே 5 மணிக்கே போய்விடும். உச்சி வெயிலும் 12 மணிக்கு அல்ல, 11.15 வாக்கிலேயே வந்துவிடும். அதாவது இங்கே மாலை 4 மணி என்றால், வெளிச்சத்தைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உங்கள் ஊர் 5 மணி.

இது தெரியாமல் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு சிலர் பயணத் திட்டம் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். போன டிசம்பரில் ஒரு குடும்பம் என்னிடம் காட்டிய தாளில் இப்படி இருந்தது: "மாலை 3.30 எலிஃபன்ட் பீச் காட்டு நடை. மாலை 5.30 ராதாநகரில் சூரிய அஸ்தமனம்." டிசம்பரில் 5.30க்கு ராதாநகரில் பார்க்க எந்தச் சூரியன் இருக்கும்? இதை எழுதியவர் இந்தத் தீவில் ஒரு சாயங்காலம்கூட நின்றிருக்க மாட்டார். அவரை நம்பிப் பணம் கட்டியவர்கள்தான் காட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர்களைப் பாதை தொடங்கும் இடத்தில் பார்த்தபோது மணி நாலேகால் ஆகிறது. நான் வெளியே வந்துகொண்டிருந்தேன். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். "இப்போ உள்ளே போகாதீங்க, நாளைக்குக் காலையில் நானே கூட வர்றேன்" என்றேன். "வெயில் தாழ்ந்து நிதானமா நடக்கலாம்னுதான் சார் வந்தோம், நாளைக்கு ஸ்கூபாவுக்குப் பணம் கட்டியாச்சு" என்றார் அந்த அப்பா. பாட்டி மட்டும் என் பேச்சைக் கேட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். மற்ற நால்வரும் இறங்கிவிட்டார்கள்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே நல்ல வெளிச்சம். அதுதான் ஆளை ஏமாற்றுவது. அந்தக் கரை மேற்கு வானத்தைப் பார்த்தது. கடைசி நிமிடம் வரை மணல் பளபளவென்று இருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றும். பத்தடி பின்னால் காடோ முழுதாக இருட்டியிருக்கும். இங்குள்ள கர்ஜன் மரங்கள் ஓங்கி உயர்ந்தவை, மேலே இலைக்கூரை மூடியிருக்கும். சூரியன் மறைந்தபின் வெட்டவெளியில் மிஞ்சுகிற அந்திவெளிச்சமே அரைமணிக்கும் குறைவு. மரத்தடிக்கு அதுவும் இறங்காது. பாதை முழுக்க வேர்கள், மழை பெய்திருந்தால் வழுக்குகிற செம்மண், கிளை பிரியும் இரண்டு மூன்று ஒற்றையடித் தடங்கள். பகலில் எது சரியான வழி என்று கால்தடம் காட்டும். இருட்டில் எல்லாம் ஒன்றுதான்.

ஆறு மணிக்கு மேல், டிரைவரும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த்தான் அவர்களைக் கூட்டி வந்தோம். சார்ஜ் தீரப்போகிற ஒரே ஒரு செல்போன் வெளிச்சத்தில் நடந்து வந்திருக்கிறார்கள். பெரிய பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. மறுநாள் ஸ்கூபா போச்சு, கட்டிய பணமும் போச்சு. ராதாநகர் அஸ்தமனமும் பார்க்கவில்லை.

"நேரமாயிட்டா படகில் திரும்பிடலாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. எலிஃபன்ட் பீச்சுக்கு ஜெட்டியிலிருந்து படகு வருவது உண்மை. ஆனால் அது கொண்டுவந்த ஆட்களைத் திருப்பிக் கூட்டிப்போக வந்த படகு. லைஃப் ஜாக்கெட்டே தலைக்கு ஒன்று எண்ணித்தான் இருக்கும். சாயங்காலத்துக்கு முன்பே அவை கிளம்பியும் விடும்.

செய்ய வேண்டியது இதுதான்: காலை 6 மணிக்குப் பாதையில் இருங்கள். டிசம்பர், ஜனவரியில்கூட அதற்குள் விடிந்திருக்கும். ஓட்டலில் முந்தின இரவே சொல்லிவைத்தால் டிபனைப் பார்சல் கட்டித் தருவார்கள். 10 மணிக்குள் சாலைக்குத் திரும்பிவிட்டால் உச்சி வெயிலும் உங்கள்மேல் படாது. பறவைகளைப் பார்ப்பதற்கும் அந்த நேரம்தான் நல்லது. மத்தியானம்தான் முடியும் என்றால், எலிஃபன்ட் பீச்சை விட்டுவிட்டுக் காலாபத்தர் பக்கம் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வாருங்கள்.

ஓதம் பார்க்காமல் கண்டலுக்குள் இறங்குவது

எலிஃபன்ட் பீச் பாதையின் கடைசிப் பகுதி கண்டல் காடு. பிச்சாவரத்தைப் படகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் தெரியும். இங்கே அதற்குள் நடந்து போக வேண்டும். ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல் நீர், வற்றியிருக்கும்போது சேறு, அவ்வளவுதான். ஏறியிருக்கும்போது முழங்கால் வரை தண்ணீர், அதற்கு அடியில் பென்சில் முனைபோல் நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள். கண்ணுக்குத் தெரியாத வேரில் கால் வைத்தால் உள்ளங்கால் கிழியும்.

ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று போனவர் சொன்ன நேரம் இன்றைக்குச் சரிவராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். டைவிங் கடைகளில் அன்றன்றைய அட்டவணை இருக்கும். ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள். சேற்றில் ரப்பர் செருப்பு நிற்காது, உறிஞ்சிக்கொள்ளும். பின்வார் உள்ள சாண்டல் போதும்.

கிளையை ஒடித்துக் கைத்தடி ஆக்குவது

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இந்தக் கண்டல் ஓரங்களிலும் உண்டு. ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போய்விடலாம். காட்டின் உள்பக்கம் நம் சேராங்கொட்டைக்குப் பங்காளியான இன்னொரு மரம் இருக்கிறது, அதன் பாலும் தோலைப் பொசுக்கும். வழுக்கும் இடத்தில் பிடிமானத்துக்குச் செடியைப் பற்றுவதற்கு முன் கூட வருகிற உள்ளூர்ப் பையனைக் கேளுங்கள். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரி.

கழிமுகத்தில் கால் நனைப்பது

காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடை கடலில் கலக்கும் இடம் அழகாக, அலையில்லாமல், குழந்தைகளை இறக்கிவிடத் தோதாகத் தெரியும். உப்புநீர் முதலைக்கும் அதே இடம்தான் தோது. 2010ல் ராதாநகரை ஒட்டிய சிறு வளைகுடாவில் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. தெற்கு அந்தமானில் சிடியா டாப்புவிலிருந்து முண்டா பஹாடுக்குப் போகும் பாதையும் சுலபமானது, எனக்கு மிகவும் பிடித்தது. அங்கேயும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் தண்ணீரில் இறங்குங்கள். ஓடை வாயில் முகம் கழுவக்கூடக் குனிய வேண்டாம்.

ஈர மணலில் உட்கார்வது

மணல் ஈ கடிக்கும். சொறிந்தால் ஒரு வாரம் ஆறாது. விரிப்பு எடுத்துப் போங்கள்.

தென்னை மரத்தடியில் ஓய்வெடுப்பது

வேண்டாம்.

செல்போன் வரைபடத்தை நம்புவது

காட்டுக்குள் சிக்னல் கிடையாது.

மவுண்ட் ஹாரியட்டை மதுபன் வரை இழுப்பது

இது தெற்கு அந்தமானில், 2021ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்ட மலை. பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது இந்தப் பக்கத்துக் காட்சிதான். உச்சியிலிருந்து காலாபத்தர் என்ற பாறை வரை போய்வந்தால் குடும்பத்துக்குப் போதுமான நடை. ஹேவ்லாக்கில் இருக்கும் காலாபத்தர் வேறு, இது வேறு. உற்சாகத்தில் மதுபன் வரை இறங்குபவர்களுக்கு அரை நாள் போய்விடும். மழைக்காலத்தில் அட்டையும் சேர்ந்துகொள்ளும். கீழே இறங்கியபின் வண்டி காத்திருக்க ஏற்பாடு செய்யாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிப்பி, பவளம் பொறுக்குவது

பவளம் செத்து வெளுத்துக் கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். சங்கு, சிப்பிகளிலும் பல வகை அப்படித்தான். விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது தெரிந்துவிடும். குழந்தையின் பாக்கெட்டையும் ஓட்டலிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.