தெருப்பூனைக்குக் கருத்தடை மாத்திரை: மீனில் கலந்து வைக்கும் முன் படியுங்கள்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் என்றாலும் சரி, மயிலாப்பூர் சந்து, அடுக்குமாடி பார்க்கிங் என்றாலும் சரி, பூனைக்குச் சோறு வைக்கிற எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்பது இதுதான்: ஆபரேஷன் இல்லாமல் குட்டி போடுவதை நிறுத்த வழி இல்லையா? நியாயமான கேள்வி. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும், நம் ஊர் வெயிலில் இதற்கு ஓய்வே கிடையாது. ஆனால் இதற்காகப் பலர் செய்கிற வேலை பூனையின் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது.

முதல் தவறு, மருத்துவரைக் கேட்காமல் ஹார்மோன் மாத்திரையை மீனிலோ தயிர் சோற்றிலோ கலந்து மாதக்கணக்கில் வைப்பது. மெஜெஸ்ட்ரால் போன்ற இந்த மருந்துகள் பூனை சூட்டுக்கு வருவதை, அதாவது இணைசேரும் பருவத்தை, தள்ளிப்போடும், உண்மைதான். அளவு கூடினாலோ, நாள் கணக்கில்லாமல் தொடர்ந்தாலோ கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும், மடி கட்டிக்கட்டியாக வீங்கும், மடியில் புற்றுநோய் வரலாம், சர்க்கரை நோயும் வரலாம். ஏற்கெனவே சினையாக இருக்கிற பூனைக்குப் போனால் பிரசவமே சிக்கலாகும், தெருவில் எது சினை என்று வயிற்றைப் பார்த்து முதல் சில வாரங்களில் யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, பொதுத் தட்டில் வைத்த மாத்திரையை முரட்டுப் பூனை ஒன்று மொத்தமாகத் தின்றுவிடும், பயந்த பூனைக்கு ஒன்றுமே கிடைக்காது, பக்கத்துத் தெருவில் இன்னொருவரும் அதே பூனைக்கு அதே மாத்திரையை வைத்துக்கொண்டிருக்கலாம். ஆபரேஷன் ஆன பூனைக்கு இடது காதின் நுனியை வெட்டி அடையாளம் வைப்பார்கள். மாத்திரை தின்ற பூனைக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரையை மெடிக்கலில் வாங்கி உடைத்துப் போடுவதை அறவே விடுங்கள். மாதக்கணக்கில் வேலை செய்யும் ஹார்மோன் ஊசி இன்னும் மோசம், ஏனென்றால் மாத்திரையை நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் இந்த மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. ஆபரேஷன் தேதி கிடைக்கும்வரை, தனியாக உணவு வைத்துக் கொடுக்க முடிகிற பூனைக்கு, கால்நடை மருத்துவர் குறித்துக் கொடுக்கும் குறைந்த அளவில், கொஞ்ச காலம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஊசி, மாத்திரை பட்ட பூனை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால், வயிறு உப்பினால், பின்பக்கம் கசிந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

'ஒரே ஊசியில் நிரந்தரக் கருத்தடை வந்துவிட்டது' என்று பகிரப்படும் செய்தியை நம்பிக் காத்திருப்பதும் தவறுதான். 2023-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் ஒரு ஹார்மோனுக்கான மரபணுவை ஊசி மூலம் 6 பெண் பூனைகளுக்குக் கொடுத்தார்கள், கடுவனோடு, அதாவது ஆண் பூனையோடு விட்டும் அவற்றில் ஒன்றுகூடச் சினையாகவில்லை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அது ஆராய்ச்சி, மருந்துக்கடைச் சரக்கு இல்லை. நீங்கள் காத்திருக்கும் மாதங்களில் உங்கள் தெருப் பூனை காத்திருக்காது. அப்புறம், கடுவனை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அதற்கு ஆபரேஷன் சின்னது, ஆனால் முடிந்த பிறகும் சில வாரங்கள் சினைப்படுத்தும் சக்தி இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். ஆபரேஷனுக்குப் பிடித்த பூனைக்கு 'ஊசியை அடுத்த முறை போடலாம்' என்று அனுப்பிவிடாதீர்கள், ஒருமுறை கூண்டில் மாட்டிய பூனை மறுபடி அந்தக் கூண்டுப் பக்கமே வராது. அதே நாளில் ரேபிஸ் ஊசியையும், மூன்று நோய்களுக்கான கூட்டு ஊசியையும் போடச் சொல்லிக் கேளுங்கள். குட்டிகளுக்குக் கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அதனால் ஒன்றோடு நிறுத்தினால் பயன் குறைவு. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு. உயிருள்ள கிருமி கொண்ட கூட்டு ஊசியைச் சினைப் பூனைக்குப் போடக்கூடாது, சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது, மே மாத வெயிலில் பைக் டிக்கியில் வைத்துக் கொண்டுபோன மருந்தை நம்பாதீர்கள், ஐஸ் பெட்டி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஊசி போட்ட பிறகு பூனை சோர்ந்து கிடந்தால் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

பிடிக்கும்போது வெறுங்கை கூடாது, பொறிக்கூண்டு வைத்து, மாட்டியதும் துணியால் மூடிவிட்டால் பூனை அடங்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நாய்க்கடிக்கு மட்டும்தான் அந்த ஊசி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.