யூட்டில்ஸ் ஃபோல்டர் பரணாக மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பட்டன், மோடல் மாதிரி திரைத் துண்டுகளைத் தொகுத்து வைக்கும் எந்த காம்பொனென்ட் லைப்ரரியைத் திறந்தாலும் உள்ளே யூட்டில்ஸ் என்று, பல இடத்தில் பயன்படும் சின்ன ஃபங்ஷன்களுக்கான ஒரு ஃபோல்டர் இருக்கும். பட்டனையும் மோடலையும் பார்த்துப் பார்த்துச் செய்த டீம்கூட இதை மட்டும் பரண் மாதிரி வைத்திருக்கும், எங்கே வைப்பது என்று தெரியாததெல்லாம் அங்கே ஏறிவிடும். ஆனால் மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. லைப்ரரியில் அதிக கவனம் கேட்கும் இடம் அதுதான் என்பேன்.

முதலில் உள்ளே விடுவதைப் பற்றி. இரண்டு காம்பொனென்ட்டில் ஒரே மாதிரி நாலு வரி இருந்தால் உடனே தூக்கிப் பொதுவில் போடாதீர்கள், மூன்றாவது இடத்திலும் வரட்டும். டிராப்டவுனும் டூல்டிப்பும் இன்று ஒரே கணக்குப்படி திரையில் இடம் பிடிக்கும்; அடுத்த மாதம் டூல்டிப்புக்கு மட்டும் அம்புக்குறி வேண்டும் என்பார்கள், பொது ஃபங்ஷனுக்குள் ஒரு இஃப் நுழையும், அப்புறம் இன்னொன்று. ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று மூன்று ஆப்ஷன் வாங்கும் ஃபங்ஷனைக் கண்டால் அதைப் பிரித்துவிடுங்கள். இன்னொன்று, யூட்டில்ஸிலிருந்து எந்த காம்பொனென்ட்டையும் இம்போர்ட் செய்யவே கூடாது. இதற்கு ஒரு லின்ட் ரூல் (கோடைத் தானாகச் சோதிக்கும் விதி) போட்டுவிட்டால் ரிவ்யூவில் யாரும் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு ஃபங்ஷனைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். நான் முன்பு இருந்த டீமில் தலைப்பைச் சுருக்க ட்ரன்கேட் என்று ஒன்று இருந்தது, உள்ளே வெறும் ஸ்லைஸ், அதாவது இத்தனையாவது இடம் வரை என்று ஸ்ட்ரிங்கை வெட்டுவது. ஆங்கிலத்தில் பிரச்சினை இல்லை. "தமிழ்" என்ற சொல்லுக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும் நீளம் 5, நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; முதல் இரண்டை வெட்டினால் "தமி" வராது, "தம" வரும். அவதாரில் முதலெழுத்து எடுக்கும் ஃபங்ஷனும் இதே கதை, மீனாவுக்கு "ம" என்று காட்டும். இதற்குச் சரியான வழி பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டர், அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். (அதிலும் "ஸ்ரீ" இரண்டாக உடையும், அதை டெஸ்டில் தனியாகப் பிடிக்க வேண்டும்.) செக்மென்டரை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் நீளமான டேபிளில் மெதுவாகும் என்று ஃபைலின் தலையிலேயே உருவாக்கி வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஃபயர்பாக்ஸுக்கு அது 2024 ஏப்ரலில், 125-வது வெர்ஷனில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபயர்பாக்ஸில் இம்போர்ட் ஆகும்போதே எரர் வந்து மொத்தப் பக்கமும் வெள்ளையாகிவிடும். முதல் முறை தேவைப்படும்போது உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாத பிரவுசருக்கு ஒரு மாற்றுவழியும் வையுங்கள்.

இதையெல்லாம் சரியாகத்தான் செய்தோம், ஆனாலும் அடி விழுந்தது. 20 என்ற வரம்பு அதுவரை கோட் யூனிட்டை (ஜாவாஸ்கிரிப்ட் நீளம் எண்ணும் அலகு, "தமிழ்" என்பதில் 5) எண்ணியது, இப்போது எழுத்தை எண்ணியது, அதனால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் நீண்டு கார்டுகள் இரண்டாம் வரிக்குச் சரிந்தன. அதை பக் ஃபிக்ஸ் என்று பேட்ச் ரிலீஸில் (சின்னத் திருத்தங்களுக்கான வெளியீட்டில்) அனுப்பியதுதான் தவறு. பழைய நடத்தையை நம்பி யாரோ திரை அமைத்திருக்கிறார்கள் என்றால், அது தப்பான நடத்தையாகவே இருந்தாலும், அதை மாற்றுவது மேஜர் வெர்ஷன் (பழையதை உடைக்கக்கூடிய பெரிய வெளியீடு) வேலை. அதனால் ஒரு ஃபங்ஷனைத் தொடும் முன் அது இப்போது என்ன செய்கிறதோ அதற்கு டெஸ்ட் எழுதுங்கள், நல், காலி ஸ்ட்ரிங், பூஜ்யம் மூன்றும் சேர்த்து. பிறகு புதிய பெயரில் புதிய ஃபங்ஷனை வைத்து, பழையதன் மேல் டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று ஜேஎஸ்டாக் குறிப்பு, அதாவது கோடுக்கு மேலே எழுதும் விளக்கக் கமென்ட், போடுங்கள். எடிட்டரே பெயரின் மேல் கோடு போட்டுக் காட்டிவிடும்.

வெளியே யாரும் பயன்படுத்தாதவரை மாற்றுவது சுலபம், எனவே பேக்கேஜ் ஜேசனில், வெளியே எவை கிடைக்கும் என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியில் யூட்டில்ஸைச் சேர்க்காதீர்கள்.

வெளி பேக்கேஜ் விஷயத்தில் 2016 மார்ச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்கின் முன்னால் இடம் நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் அதை என்பிஎம் என்ற பொது பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்ததும் பேபல், ரியாக்ட் போன்ற பெரிய ப்ராஜெக்ட்கள் வரை பில்ட் உடைந்தது. அடுத்த வருடமே அதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் ஃபோல்டரிலும் இப்படிக் காலம் முடிந்தவை இருக்கும்: டீப் க்ளோனுக்கு (ஆப்ஜெக்டை உள்ளே இருப்பதோடு முழுதாக நகலெடுக்க) ஸ்ட்ரக்சர்ட்க்ளோன் இருக்கிறது, கவுன்ட்டர் வைத்து ஐடி தரும் ஃபங்ஷன் சர்வரில் ஒரு எண்ணும் பிரவுசரில் வேறு எண்ணும் தந்து ஹைட்ரேஷனை (சர்வர் தந்த பக்கத்துக்கு பிரவுசரில் உயிர் கொடுப்பதை) கெடுக்கும், அதற்கு 2022-ல் வந்த ரியாக்ட் 18-இல் யூஸ்ஐடி இருக்கிறது.

ஒவ்வொரு மேஜர் ரிலீஸுக்கு முன்னும் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு ஃபங்ஷனையும் எத்தனை இடத்தில் அழைக்கிறோம் என்று தேடிப் பாருங்கள். ஒரு இடமும் இல்லையா, அழித்துவிடுங்கள். ஒரே இடம்தானா, அதை அந்த காம்பொனென்ட்டின் ஃபோல்டருக்கே திருப்பி அனுப்புங்கள்.