மரம் அறுக்கும் மெஷின் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு மெக்கானிக்கல் கடைசி வருட மாணவர்கள் வர ஆரம்பிப்பார்கள். வருடம் தவறாமல் ஒரு குழுவாவது மரம் அறுக்கும் மெஷினுக்கு, அதாவது மேஜை நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டு சுற்றும் மெஷினுக்கு, டிராயிங் கொண்டுவரும். "சார், இது சேஃப்டி மெஷின். கை கிட்ட போனா தானா நின்னுடும்" என்பார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் டிராயிங்கை விரித்தால் அதே தவறுகள் மறுபடி மறுபடி கண்ணில் படும். அவற்றில் சிலவற்றை நானே செய்து, வருத்தப்பட்டு, திருத்தியிருக்கிறேன்.

என் முதல் மெஷினை வாங்கியவர் பெரம்பூர் பக்கம் கடை வைத்திருந்த ஒரு ஆசாரி. பிளேடு மேல் இரும்புத் தகட்டில் மூடி செய்து, நாலு போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் மூடி பரணில் கிடக்கிறது, அதன் மேல் பெயின்ட் டப்பா. எனக்குக் கோபம் வந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: "கோடு தெரியல தம்பி. கண்ண மூடிக்கினு அறுக்க சொல்றியா?" பென்சில் கோடு மூடிக்குள் மறைந்துவிடுகிறது. பிளேடு மாற்ற ஒவ்வொரு முறையும் ஸ்பேனரைத் தேட வேண்டியிருக்கிறது. பலகையில் பாதி ஆழத்துக்குக் காடி என்னும் நீளப் பள்ளம் எடுக்க வேண்டும் என்றால் மூடி இருக்கும்வரை முடியவே முடியாது. அன்று பெயின்ட் டப்பாவை நகர்த்தி மூடியை எடுத்துக்கொண்டு வந்தவன், அதைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டச் சொல்லவில்லை. வேலையைத் தடுக்கும் கவசம் கழற்றப்படத்தான் செய்யும். அப்படிக் கழற்றப்பட்டால் குற்றம் வடிவமைத்தவனுடையது.

ஆகவே மூடியை ஒளி ஊடுருவும்படி செய்யுங்கள். அக்ரிலிக் வேண்டாம். விலை குறைவு, வெட்டுவதும் எளிது என்று பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பிளேடின் பல்முனை ஒன்று உடைந்து தெறித்தால் அக்ரிலிக் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் போகும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும். மூடி, மரம் உள்ளே வரும்போது தானே மேலேறி, மரம் போனதும் தானே இறங்க வேண்டும். கழற்றவும் மாட்டவும் ஒரு நெம்புகோல் போதும் என்ற அளவில் இருக்கட்டும். தூசியை இழுக்கும் குழாய்க்கு மூடியிலேயே ஒரு வாய் வையுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உள்ளே தூள் அப்பி, கோடு மறைந்து, மூடி மறுபடி பரணுக்குப் போய்விடும்.

தூசியைப் பற்றி இன்னொன்று. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. தூசிக் குழாயைக் கடைசியில் இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மெஷினுக்குப் போட்டி எது என்று தெரியாமல் வரைவது அடுத்த தவறு. ஜெர்மன் மெஷினோ தைவான் மெஷினோ இங்கே போட்டியே இல்லை. சென்னையில் ஃபிளாட் ஃபிளாட்டாகக் கப்போர்டு வேலை செய்பவர்கள் பலர் 4 இன்ச் மார்பிள் கட்டரை வாங்கி, அதில் மர பிளேடு மாட்டி, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி வைத்து அறுக்கிறார்கள். சுவிட்சை டேப் சுற்றி அழுத்தியபடியே விட்டுவிடுகிறார்கள். 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் பல்முனையின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மூடி கிடையாது, பின்னால் தடுப்பு கிடையாது, நிறுத்த வேண்டும் என்றால் குனிந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

இவ்வளவு ஆபத்து தெரிந்தும் ஏன் அதைப் பயன்படுத்துகிறார்கள்? விலை குறைவு. பைக்கில் வைத்துக்கொண்டு போகலாம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஒருவரே தூக்கிப்போகலாம். நீங்கள் 80 கிலோவில் ஒரு பத்திரமான மெஷின் செய்தால் அது கல்லூரிக் கண்காட்சியில் பரிசு வாங்கும், சைட்டுக்கு வராது. ஒருவர் தூக்கக்கூடிய எடை, மடங்கும் கால், மாடிப்படியில் திரும்பும் அளவு இவையும் பாதுகாப்புக் கணக்கில் சேரும்.

கட்டை எகிறுவது

கிக்பேக் என்று பாடப்புத்தகம் சொல்வதை ஆசாரிகள் "கட்டை எகிறிடுச்சு" என்பார்கள். டிராயிங்குகளில் மிகக் குறைவாக யோசிக்கப்படுவது இதுதான். எனக்கு மிகவும் பயம் தருவதும் இதுதான். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேஜையோடு அழுத்தி அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுந்து வருகின்றன. அறுபட்ட பள்ளம் பின்னால் சுருங்கிப் பிளேடைக் கவ்வினால், அந்தப் பின்பற்கள் கட்டையைத் தூக்கி, நிற்பவரின் வயிற்றைப் பார்த்து வீசும். கட்டை போய்விட்டது, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கைக்குப் பிடிமானம் இல்லை. கை நேராகப் பிளேடில் விழும். கை பிளேடில் பட்ட விபத்து என்று நாம் கேள்விப்படுவதில் பலவற்றுக்குத் தொடக்கம் இப்படி எகிறிய கட்டைதான்.

பள்ளம் ஏன் சுருங்குகிறது? மரத்துக்குள் இறுக்கம் உண்டு. நீளவாக்கில் அறுத்தவுடன் அது தளர்ந்து இரண்டு பக்கமும் வளையும். ஈரம் இருந்தால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் நனைந்த வேப்பம் பலகையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இதற்கு மருந்து ரைவிங் நைஃப் என்னும் ஒரு சின்னத் தகடு. பிளேடுக்குப் பின்னால், பள்ளத்துக்குள் நின்று, இரண்டு பக்கமும் சேராமல் பார்த்துக்கொள்ளும். செலவு அதிகமில்லை, ஆனால் அளவு தவறக் கூடாது. பிளேடின் உடல் 1.8 மில்லிமீட்டர், பல் அறுக்கும் அகலம் 2.8 மில்லிமீட்டர் என்றால் தகடு இரண்டுக்கும் நடுவில், 2.2 அல்லது 2.3 இருக்க வேண்டும். பல்லின் அகலத்தை மிஞ்சினால் மரம் நகராது. உடலைவிட மெலிந்தால் பயனில்லை. பிளேடுக்கும் தகடுக்கும் இடைவெளி 3 முதல் 8 மில்லிமீட்டருக்குள். மாணவர்கள் தகட்டை மேஜையில் வெல்ட் செய்துவிடுகிறார்கள். பிளேடை இறக்கினால் இடைவெளி பெருகி, தகடு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். பிளேடு ஏறி இறங்கும் அதே அமைப்பில் தகடும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். அதன் உச்சி பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றால் காடி எடுக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை.

பலகையை ஒட்டி நேராகத் தள்ள உதவும் கைடையும் கவனியுங்கள். முன்னால் ஒரே ஒரு திருகில் நிற்கும் கைடு, பெரிய பலகையைச் சாய்த்தால் பின்முனையில் லேசாகப் பிளேடு பக்கம் ஒதுங்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், கட்டையைப் பிளேடோடு நெருக்கிவிடும். முன்னும் பின்னும் பூட்டு வையுங்கள்.

கரன்ட் போய் வந்தால்?

புராஜெக்ட் மெஷின்களில் வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி ஒன்று இருக்கும். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகிறது. ஆள் டீ குடிக்கப் போகிறார், அல்லது பிளேடில் சிக்கிய சிம்பைக் கையால் எடுக்கிறார். கரன்ட் வருகிறது. சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கிறது.

போர்வெல் மோட்டாருக்கு நம் வீடுகளில் மாட்டும் ஸ்டார்ட்டர் இதற்கு வழி காட்டுகிறது. உள்ளே இருக்கும் காயிலுக்கு மின்னழுத்தம் போனால் தொடர்பு விட்டுவிடும். கரன்ட் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். அதே தத்துவத்தில் சின்ன சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. பச்சைப் பொத்தான் பள்ளத்துக்குள் இருக்கட்டும், கட்டை இடித்து ஆன் ஆகாது. சிவப்புப் பொத்தான் பெரிதாக, வெளியே துருத்தி, தொடை அல்லது முழங்கால் தட்டினால் நிற்கிற உயரத்தில் இருக்கட்டும். இரண்டு கையும் பலகையைப் பிடித்திருக்கும் நேரத்தில் சுவிட்சைத் தேட மூன்றாவது கை கிடையாது.

சைட்டில் மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு வயரை மட்டும் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எர்த் அங்கேயே போய்விட்டது. மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெஷினிலேயே பொருத்திவிட்டால், எர்த் இல்லாத இடத்திலும் ஓர் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

சென்சார்

"கை கிட்ட போனா தானா நின்னுடும்" என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். பெரும்பாலும் அது ஓர் இன்ஃப்ராரெட் சென்சாரும் ரிலேயும். கை தெரிந்தால் கரன்ட் நிற்கும். கரன்ட்தான் நிற்கும், பிளேடு நிற்காது. 10 இன்ச் பிளேடு பிரேக் இல்லாமல் பல விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 30 சென்டிமீட்டர் நகரும் கைக்கு அது ஒரு யுகம். மேலும் சென்சார் கண்ணில் மரத்தூள் அப்பினால் குருடாகும், அல்லது சும்மா சும்மா நின்று எரிச்சலூட்டும். மூடிக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் 1999-ல் உருவாக்கிய சாஸ்டாப் முறை வேறு வகை. பிளேடில் ஒரு சின்ன மின் சைகை ஓடும். தோல் பட்டவுடன் அது மாறும். ஸ்பிரிங் ஒன்று அலுமினியக் கட்டையைப் பிளேடின் பற்களுக்குள் தள்ளும். 5 மில்லிவிநாடிக்குள் பிளேடு நின்றுவிடும். விநாடிக்கு 30 சென்டிமீட்டர் நகரும் அதே கை அதற்குள் நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த பிரேக் கட்டை வீண், பெரும்பாலும் பிளேடும் வீண். மிகவும் ஈரமான மரமும் அதை ஏமாற்றி நிறுத்திவிடலாம். வேலை ஆகும் முறைதான், ஆனால் செலவைத் தாங்கும் கடைக்கு.

குறைந்த செலவில் செய்யக்கூடியது மோட்டார் பிரேக். கரன்டை நிறுத்தியதும் மோட்டார் சுருளுக்குச் சில விநாடிகள் டிசி என்னும் ஒரே திசை மின்சாரம் கொடுத்தால் இழுத்து நிறுத்தும். 10 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலைகள் கேட்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை: சட்டென்று பிரேக் போட்டால் பிளேடின் வேகமே நட்டைத் தளர்த்திவிடலாம். பிளேடைப் பிடிக்கும் வளையம் தனியாகச் சுழலாமல் பூட்டும் சாவிக்காடியோ பின்னோ போடாமல் பிரேக் வைக்காதீர்கள்.

நூல் கணக்கு

மாணவர்களின் அளவுகோலில் மில்லிமீட்டர் மட்டும் இருக்கும். ஆசாரி அடி, இன்ச், நூல் என்றுதான் பேசுவார். 8 நூல் ஒரு இன்ச். முக்கால் இன்ச் என்றால் 6 நூல். வடக்கிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் அதே அளவைச் சூத் என்பார்கள். கைடின் அளவுகோலில் இரண்டும் இல்லையென்றால், அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றும் பிளேடுக்கு மேல் குனிந்து அளப்பார். எச்சரிக்கைகளும் படமாக இருக்கட்டும். ஒரே சைட்டில் தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும். விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. வடசென்னைப் பட்டறைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நன்றாகத் தெரியும். ஆனால் விரலை எப்படிக் கொண்டுபோவது என்பது பலருக்குத் தெரியாது. அதையும் ஒரு படமாக மெஷினில் ஒட்டுங்கள்.

சோதனை செய்யும்போது கடையில் வாங்கிய மழமழப்பான வெள்ளை மரத்தை மட்டும் அறுக்காதீர்கள். முடிச்சு உள்ள வேம்பு, ஈர மாமரம், இடித்த வீட்டிலிருந்து வந்த ஆணி புதைந்த பழைய தேக்கு நிலை, 8 அடிக்கு 4 அடி முழு பிளைவுட் எல்லாம் ஏற்றிப் பாருங்கள்.

போன வருடம் ஒரு குழு என் பேச்சைக் கேட்டு, செய்த மெஷினை வடபழனியில் ஒரு சைட்டில் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தது. மேற்பார்வை செய்யக் கூடாது, சும்மா கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். திரும்பிப் போனபோது மூடி மெஷினிலேயே இருந்தது, தகடு இருந்தது. மேஜையின் பின்பக்கம் மட்டும் ஒரு பழைய ஜன்னல் பலகையை இரண்டு செங்கல் மேல் முட்டுக் கொடுத்து நீட்டி வைத்திருந்தார்கள். முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல். பாதி அறுத்ததும் பின்னால் தொங்கிப் பள்ளத்தை இறுக்கியிருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பலகையின் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு வந்தார்கள். மேஜையை மறுபடி வரைந்தோம்.