அதிகச் செலவில்லாமல் ஊழியர்களைப் பாராட்டுவது எப்படி?

பாராட்டு எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் பணம் காரணமில்லை. யார் என்ன செய்தார் என்று பார்க்காமலே பாராட்டுவதுதான் காரணம். "எல்லாரும் நல்லா பண்ணீங்க" என்று கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால், ராப்பகலாக உழைத்தவருக்கும் ஒப்புக்கு வந்துபோனவருக்கும் ஒரே பங்கு. உழைத்தவர் அதோடு மனம் தளர்ந்துவிடுவார்.

ஆகவே முதலில் ஒரு நோட்டு போடுங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வாரக் கடைசியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவரவர் செய்த ஒரு நல்ல காரியத்தைத் தேதியோடு எழுதுங்கள். யாருடைய பக்கமாவது மூன்று, நான்கு வாரம் காலியாகவே இருந்தால், அவர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். உங்கள் கண்ணில் படவில்லை என்றும் இருக்கலாம். ஸ்டோர், கணக்கு, துப்புரவு, இரவு ஷிப்ட் போன்ற இடங்களில் இது அடிக்கடி நடக்கும். அங்கே தவறு நடந்தால் மட்டும்தான் பெயர் வெளியே வருகிறது. நேரில் போய்ப் பாருங்கள்.

பாராட்டும்போது என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்ற இரண்டையும் சொல்லிவிட்டு நன்றி சொல்லுங்கள். உதாரணமாக: "நேத்து அனுப்ப இருந்த பில்லுல ஒரே தொகை ரெண்டு தடவை ஏறியிருந்ததைப் பார்த்து நிறுத்தினீங்க. தப்பான பில் கஸ்டமர் கைக்குப் போகாம தப்பிச்சோம். ரொம்ப நன்றி." அரை நிமிடம்கூட ஆகாது. காரியம் நடந்த அன்றோ மறுநாளோ சொல்லிவிடுங்கள். ஆண்டு மதிப்பீடு வரை தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். கடைசியில் "ஆனா, அந்த ரிப்போர்ட் மட்டும் லேட்" என்று சேர்க்காதீர்கள். கேட்டவர் மனதில் அதுதான் நிற்கும். குறையைத் தனியாக, வேறு நேரத்தில் பேசுங்கள்.

நாலு பேர் முன்னால் பாராட்டினால் சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கூச்சம். வேலைக்குச் சேரும்போதே கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சப்படுபவருக்குக் கையால் எழுதிய நாலு வரி போதும். அதன் நகலை அவருடைய கோப்பிலும் வையுங்கள்; பதவி உயர்வு பேசும்போது கைகொடுக்கும். இன்னொரு செலவில்லாத வழி, வேலையைச் செய்தவரே மேலதிகாரிகள் முன் அதை விளக்க விடுவது. அவர் தயாரித்ததை மேலாளர் தன் பெயரில் காட்டினால், அதுவரை சொன்ன நன்றியெல்லாம் வீண்.

அரை நாள் விடுப்பும் நல்ல பரிசுதான். அன்றைய வேலையை யார் பார்ப்பது என்று முன்பே ஏற்பாடு செய்துவிட்டுக் கொடுங்கள். திரும்பி வரும்போது மேசையில் வேலை குவிந்து கிடந்தால் அது தண்டனை.

சான்றிதழ், சின்னப் பரிசு கொடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள், படம் வரையப் பிரியப்படும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் வரைவதில் ஆர்வம் குறைந்தது. வரைந்த பிறகு எதிர்பாராமல் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. பெரியவர்கள் விஷயத்திலும் இதை மனதில் வைப்பது நல்லது. ஆசையாகச் செய்யும் வேலைக்கு "இதைச் செய்தால் இது கிடைக்கும்" என்று விலை பேசாமல், செய்து முடித்த பிறகு கொடுங்கள்.

"மாதத்தின் சிறந்த ஊழியர்" திட்டத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒருவரே திரும்பத் திரும்ப வாங்கினால் மற்றவர்களுக்குப் பொறாமை. ஆளுக்கொரு மாதம் என்று முறை வைத்தால் மதிப்பே போய்விடும். லீவே போடாதவருக்குப் பரிசு என்று அறிவித்தால் காய்ச்சலோடு வந்து மற்றவர்களுக்கும் ஒட்டவைப்பார்கள். அதற்குப் பதில் ஒரு பலகை வைத்து, சக ஊழியர்களே ஒருவருக்கொருவர் நன்றிச் சீட்டு எழுதி ஒட்டச் செய்யுங்கள். மேலாளர் கண்ணுக்குத் தெரியாத உதவிகள் அங்கேதான் வெளிவரும். வாரத்துக்கு இத்தனை சீட்டு என்று கட்டாயம் மட்டும் வேண்டாம், பெயருக்கு எழுதுவார்கள்.

இத்தனையும் சம்பளம் ஒழுங்காக வரும் இடத்தில்தான் பலிக்கும். சம்பளமோ ஓவர்டைம் பணமோ பாக்கி நிற்கும் மாதத்தில் பாராட்டு விழா வைக்காதீர்கள். பாக்கி எந்தத் தேதியில் வரும் என்று முதலில் சொல்லி, அந்தத் தேதியில் கொடுத்துவிடுங்கள்.