ஏரி நீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது எப்படி? (இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு)

சுற்றுச்சூழல் இன்டர்ன்ஷிப் என்றதும் காடு, பறவை, பைனாகுலர் என்று கற்பனை ஓடும். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தால் கைக்கு வருவது 300 மி.லி. கண்ணாடி பாட்டிலும் ப்யூரெட்டும் (அளவுக்கோடு போட்ட, அடியில் திருகு உள்ள நீளக் கண்ணாடிக் குழாய்) தான். வேலையும் பெரும்பாலும் இதில்தான் தொடங்கும்: லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறையில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது. பாடப்புத்தகங்கள் டைட்ரேஷனை (நிறம் மாறும்வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவைப் பார்ப்பதை) பக்கம் பக்கமாக விளக்கும். என்னைக் கேட்டால், பாதி முடிவு ஏரிக்கரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

படி 1: பாட்டிலை நிரப்புவது

பாட்டிலைத் தண்ணீருக்குள் அப்படியே அமிழ்த்தினால் 'களக் களக்' என்று காற்று வெளியேறும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த மாதிரி கணக்கில் சேராது. ஆக்சிஜன் குறைந்த நீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சீர்கெட்ட ஏரி, தாளில் நல்ல ஏரியாகிவிடும்.

நீரெடுக்கும் கருவியின் ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விடுங்கள். நீர் அடியிலிருந்து சலசலப்பில்லாமல் ஏறட்டும். நிரம்பியதும் நிறுத்த வேண்டாம். பாட்டிலின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வழிந்தோட விடுங்கள், முதலில் காற்றைத் தொட்ட நீர் அதோடு போய்விடும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை மெதுவாக வெளியே எடுங்கள். மூடியைப் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சிறு குமிழி மேலேறினாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். கூட வந்தவர் அவசரப்படுத்தினாலும் சரி.

நீரின் வெப்பநிலையையும் நேரத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இவை இல்லாமல் எண்ணுக்குப் பொருள் கிடையாது. கடல்மட்ட உயரத்தில் உள்ள நன்னீர் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 9.1 மி.கி./லி. வரை ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 தான். பாசி மண்டிய ஏரியில் பிற்பகலில் அளவு ஏறியும் விடியலுக்கு முன் இறங்கியும் இருக்கும்.

படி 2: ஆக்சிஜனைக் கட்டிப்போடுவது

இதுவும் கரையிலேயே நடக்க வேண்டும். மாங்கனீசு சல்பேட் கரைசல் 1 மி.லி., அப்புறம் காரம்-அயோடைடு-அசைடு கரைசல் 1 மி.லி. இரண்டையும் பிப்பெட் (சிறு அளவுகளை உறிஞ்சி விடும் குழாய்) நுனி நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிப்பெட். மூடும்போது கொஞ்சம் வழியும், அதில் காரம் இருக்கும் என்பதால் கையுறை கட்டாயம். பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை. பாதி உயரத்துக்கு அது படிந்ததும் இன்னொரு முறை கலக்குங்கள்.

படி 3: அமிலம்

அடர் கந்தக அமிலம் 1 மி.லி. விட்டு, மூடிக் கலக்கினால் படிவு கரைந்து அயோடினின் மஞ்சள் நிறம் வரும். நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்ததோ அதற்கேற்ற அளவு அயோடின், இனி நாம் அளக்கப் போவது இதைத்தான். இனி வெளிக்காற்றால் பெரிய தொந்தரவில்லை. ஆனாலும் அயோடின் ஆவியாகும், தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: டைட்ரேஷன்

பாட்டிலிலிருந்து 201 மி.லி. எடுங்கள். ஏன் 200 இல்லை? நாம் விட்ட இரண்டு கரைசல்களும் 300 மி.லி. பாட்டிலிலிருந்து 2 மி.லி. மாதிரி நீரை வெளியே தள்ளிவிட்டன, 200-க்கு அது ஏறக்குறைய 1 மி.லி., அதை ஈடுகட்டத்தான். 0.025 நார்மல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) சோடியம் தயோசல்பேட்டை ப்யூரெட்டிலிருந்து விட்டு, வெளிர் வைக்கோல் நிறம் வந்த பிறகே ஸ்டார்ச் சேருங்கள். முன்பே சேர்த்தால் அடர்ந்த அயோடின் ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது, முடிவுப்புள்ளி இழுத்தடிக்கும். நீலம் முதன்முறை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மி.லி. தயோசல்பேட்டும் 1 மி.கி./லி. ஆக்சிஜன். இந்த நேர்க்கணக்குக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

கருவிகளைப் பற்றி: டெஃப்லான் திருகு உள்ள ப்யூரெட்டையே கேட்டு வாங்குங்கள், கண்ணாடித் திருகு இறுகிக்கொண்டு உயிரை வாங்கும். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வையுங்கள். ஆக்சிஜனை நேரடியாகக் காட்டும் மீட்டர் வாங்கும் பேச்சு வந்தால் என் ஓட்டு ஒளியியல் சென்சாருக்குத்தான். சவ்வு வகைக்கு நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சவ்வையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பின்னர் சேர்த்தது: "மறைந்த நீலம் சில நிமிடத்தில் திரும்பி வருகிறதே?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். நைட்ரைட்டோ ஃபெரிக் உப்போ இருந்தால் அப்படி வரும். முதல் மறைவையே கணக்கில் எடுங்கள். சட்டென்று திரும்பினால் அசைடு கரைசல் பழையதா என்று பாருங்கள், நைட்ரைட்டை அடக்குவது அதுதான்.

இன்னொன்று: மிஞ்சிய அசைடு கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது, அமிலக் கழிவோடும் சேர்க்கக் கூடாது. அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். அதற்கென்று பெயர் எழுதிய தனிக் கேன் இருக்கும். இல்லையென்றால் வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.