மைக் வாங்கும் முன் தலைக்கு மேல் பாருங்கள்

என் பெரியம்மாவுக்கு வயது 78. மேற்கு மாம்பலத்தில் ஓட்டு வீடுகளும் கிணறுகளும் இருந்த காலத்தைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. அந்தக் கதைகளைப் பதிவு செய்து பாட்காஸ்டாக வெளியிட வேண்டும் என்று தோன்றியதும் நான் ஓடிப்போய் மைக் வாங்கிவிட்டேன். அதற்கு முன் அவர் உட்காரும் கூடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, காதில் என்னென்ன விழுகிறது என்று கவனித்திருக்க வேண்டும்.

வாங்கியது கண்டென்சர் மைக். மடங்கும் ஸ்டாண்டு, பஞ்சு உறை, வயர் எல்லாம் ஒரே பெட்டியில். 'ஸ்டுடியோ தரம்' என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். மேசை நடுவில் அதை நிறுத்தி, எதிரே பெரியம்மாவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் மின்விசிறியின் டக் டக், கீழ்வீட்டுக் குக்கர் விசில், மாம்பலம் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயில் எல்லாம் துல்லியமாக இருந்தன. பெரியம்மா மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தார். மைக்கில் ஒரு பழுதும் இல்லை. அந்த அறைக்கும் அது வைக்கப்பட்ட இடத்துக்கும்தான் பொருந்தவில்லை.

அதன் பிறகு நண்பர்கள் பலருக்கு மைக் தேர்ந்தெடுக்க உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரியான தவறுகளில்தான் பணத்தை விடுகிறார்கள்.

ஒரு சொல்லை நம்பி வாங்குவது

கடையில் இரண்டு பெயர்கள் அடிபடும்: டைனமிக், கண்டென்சர். டைனமிக் மைக்கில் மெல்லிய தகட்டோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். குரல் பட்டதும் அந்தச் சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும். கண்டென்சரில் சுருள் கிடையாது. உலோகம் பூசிய ஒரு படலமும் அதன் அருகே ஒரு தகடும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறுவதுதான் ஒலியாகப் பதிவாகிறது. படலத்தின் மேல் சுமை இல்லாததால் நுணுக்கமான ஓசைகள்கூட அதற்கு எட்டும். சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் பலகை அடித்த ஸ்டுடியோவில் அது பெரிய வரம்.

ஆனால் 'கண்டென்சர்' என்ற சொல்லுக்கே தனித் தரம் இருப்பதாக நினைப்பது தவறு. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக்கும் கண்டென்சர் குடும்பம்தான். சட்டையில் குத்திக்கொள்ளும் மிக மலிவான மைக்குகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. ஆகவே பெட்டியில் உள்ள அந்த ஒரு சொல்லுக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "டைனமிக் வாங்குங்கள், வெளிச்சத்தமே வராது" என்று சொல்லி விற்கிறார்கள். இது பாதி உண்மைதான். டைனமிக் மைக்கின் உணர்திறன் குறைவு என்பது சரி. ஆனால் அது குரலுக்கும் விசிறிக்கும் சேர்ந்தே குறைவு. கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவைக் கூட்டினால் இரண்டும் ஒன்றாகவே ஏறும். அது நமக்கு உதவுவது வேறு ஒரு காரணத்தால்: பக்கத்தில் வந்து பேசினால்தான் அதில் ஒழுங்காகப் பதிவாகும் என்பதால், நம்மை நெருங்கி வர வைக்கிறது. அந்த நெருக்கம்தான் வெளிச்சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மூன்று அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு டைனமிக் மைக்கில் பேசினால், கண்டென்சரில் கேட்ட அதே கிணறுதான் இதிலும் கேட்கும்.

அரைச் சாண்

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். 10 சென்டிமீட்டரில் இருந்தவர் 40 சென்டிமீட்டருக்குப் போனால் 12 டெசிபல் போய்விடும். விசிறியின் சத்தமும் அறையின் எதிரொலியும் அப்படியே இருக்கும். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் மைக் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு அரைச் சாண். அதைவிட மிகவும் நெருங்கினால், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளில் அடிக்குரல் தேவைக்கு மேல் கனத்துவிடும். 'ப'வில் தொடங்கும் சொற்கள் காற்றோடு வந்து மோதும். வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரமாக வைத்து, மைக்கின் முகம் வாயைப் பார்க்கும்படி திருப்பிவிட்டால் அந்த மோதல் பெரும்பாலும் போய்விடும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். சென்னையில் மார்கழி தவிர மற்ற மாதங்களில் விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது எளிதல்ல. அக்னி நட்சத்திரத்தில் வயதானவர்களை அப்படி உட்கார வைப்பது கொடுமை. "விசிறியை நிறுத்திவிடுங்கள்" என்று வெளியூர்க் காணொளிகளில் சொல்லும் அறிவுரை இங்கே நடைமுறைக்கு வராது. விசிறி ஓடும்போதே பதிவு செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை: முன்பக்க ஓசையை நன்றாக வாங்கும், நேர்ப் பின்பக்கத்தில் மிகக் குறைவாக வாங்கும். மேசையில் குட்டி ஸ்டாண்டில் நிறுத்தி முகத்தை நோக்கிச் சாய்த்தால் மைக்கின் முகம் எங்கே பார்க்கிறது? கூரையை. அதாவது, நேராக விசிறியை. அதே மைக்கை நெற்றி உயரத்தில் மடங்கும் ஸ்டாண்டில் தொங்கவிட்டு வாயை நோக்கிக் கீழே திருப்பினால் அதன் முதுகு விசிறியைப் பார்க்கும். பணம் செலவில்லாமல் கிடைக்கும் மாற்றம் இது. காதால் கேட்டுப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு வித்தியாசம் இருக்கும். காற்று நேரடியாக மைக்கில் படாமல் பஞ்சு உறை மட்டும் போட்டுவிடுங்கள். விசிறியின் வேகத்தைக் குறைக்கும்போது ரெகுலேட்டரால் மோட்டாரே உறுமக்கூடும் என்பதால், எந்த எண்ணில் வைத்தால் உறுமல் குறைவு என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எதிரொலி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர்: நம் அடுக்குமாடி வீடுகளில் குரல் பந்துபோல் எகிறிக்கொண்டே இருக்கும். தமிழுக்கு இது கூடுதல் கேடு. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலி வேறுபாடு மிக நுட்பமானது. எதிரொலி அதன் மேல் படர்ந்தால் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். இதற்காகச் சுவரில் முட்டை அட்டையை ஒட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பயன் அனேகமாக இல்லை. அந்த மெல்லிய அட்டைக்குக் குரலின் கனத்தை உறிஞ்சும் தடிமன் கிடையாது. தரையில் பவானி ஜமக்காளம் விரியுங்கள். பேசுபவருக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். புடவைகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி பேசுங்கள். கடையில் விற்கும் மெல்லிய 'ஒலித் தடுப்பு'ப் பஞ்சுச் சதுரங்களைவிட இவை நன்றாக வேலை செய்யும். அந்தச் சதுரங்கள் வெளிச்சத்தத்தைத் தடுக்கவும் செய்யாது. ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு முன்னால் அவை ஒன்றுமே இல்லை.

மைக்கைச் சோதிக்க "ஹலோ, ஒன்று, இரண்டு" என்று சொல்வதால் எதுவும் தெரியாது. சின்ன வயதில் நாம் எல்லோரும் நாப்பழக்கத்துக்குச் சொன்ன 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்' என்பதை வழக்கமான வேகத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு 'ழ'வும் தனியாகக் கேட்டால் மைக்கும் அறையும் சரி.

எதில் செருகப்போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக்கை வாங்கிவிட்டு, அதை 3.5 மில்லிமீட்டர் முனையாக மாற்றும் வயரால் லேப்டாப்பில் செருகுகிறார்கள். டைனமிக் மைக் தரும் மின்குறி மிகச் சிறியது. லேப்டாப் அதைப் பெருக்கும்போது 'உஸ்' என்ற இரைச்சலும் பெருகும். எக்ஸ்எல்ஆர் கண்டென்சர்களில் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது வயர் வழியாகவே மைக்குக்கு வரும் மின்சாரம் வேண்டும். லேப்டாப் துளையிலிருந்து வருவதோ சில வோல்ட்தான். என் முதல் மைக்குக்கும் இப்படித்தான் முழு மின்சாரம் கிடைக்கவில்லை. அதை விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எக்ஸ்எல்ஆர் என்றால், மைக்கின் ஒலியைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டியும் சேர்த்துத்தான் விலை. ஒருவர் மட்டும் பேசும் பாட்காஸ்டுக்கு யூஎஸ்பி மைக்கே போதும். சாம்சன் க்யூ2யூ போல யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள டைனமிக் மைக் கிடைத்தால், பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக்கை மாற்ற வேண்டாம். போனில் பதிவு செய்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 3.5 மில்லிமீட்டர் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. மாற்றிச் செருகினால் போன் பேசாமல் தன்னுடைய மைக்கிலேயே பதிவு செய்துகொள்ளும். லேப்டாப்பிலும் இதே ஆபத்து உண்டு. பதிவை ஓடவிட்டு மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ஓசை பலமாக வந்தால்தான் சரியான மைக்கில் பதிவாகிறது.

இருவர் பேசும் நிகழ்ச்சிக்கு நடுவில் ஒரே மைக் வைப்பது வேண்டாம். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்குகளை இணைப்பதும் தொல்லை. மலிவான வழி, ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சட்டை மைக். தொடங்கும்போது ஒருமுறை கை தட்டிவிட்டால் இரண்டு பதிவுகளையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

எல்லாப் பணத்தையும் மைக்கிலேயே போடுவது

கையில் 5,000 ரூபாய் இருந்தால் மைக்குக்கு 3,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மீதியில் ஆடாத ஸ்டாண்டும், காதை முழுவதும் மூடும் வயர் ஹெட்போனும் வாங்குங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் நம் குரல் தாமதமாக வரும். அதன் மைக்கும் சேர்ந்து இயங்கினால் கேட்கும் ஒலியின் தரமும் தாழ்ந்துவிடும்.

பெரிய பாட்காஸ்ட்காரர்கள் முன்னால் அடிக்கடி தெரியும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்கு ஏறத்தாழ 60 டெசிபல் கெயின் தேவை. மலிவான இன்டர்ஃபேஸ்கள் பல அதற்குத் திணறும். அதன் உருவத்தை மட்டும் நகலெடுத்த மைக்குகளும் ஏராளம். தோற்றத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்று காட்டும் '192 கிலோஹெர்ட்ஸ்' என்ற எண்ணுக்கும் வேண்டாம்; பேச்சுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம்.

பேசுபவர் யார் என்பதை மறப்பது

பெரியம்மாவிடம் அரைச் சாண் விதி செல்லுபடியாகவில்லை. கதை சூடுபிடித்தால் திரும்புவார், சாய்வார், கையை வீசுவார். அவரை மைக்குக்கு முன்னால் கட்டிப்போட்டால் கதையே நின்றுவிடும். கடைசியில் அவருக்குப் பொருந்தியது ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான போயா பிஒய்-எம்1 போன்ற சட்டை மைக். அது எல்லாப் பக்கமும் கேட்கும் வகைதான். ஆனால் அவர் எப்படித் திரும்பினாலும் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே இருக்கிறது. சங்கிலி படாத பக்கமாக, தோளில் மடிப்புக் குத்தியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே செருகுகிறேன். பட்டுப்புடவை சரசரக்கும், நூல் புடவை அவ்வளவாகச் சரசரக்காது. வளையல்களை மட்டும் பதிவின்போது கழற்றி வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "அதுவும் கேட்கட்டுமே, நான்தான் என்று தெரியும்" என்றார். ஒரு பகுதியில் அப்படியே விட்டிருக்கிறேன்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் கடையிலேயே தரத்தைக் கேட்டு முடிவு செய்ய முடியாது. அந்தச் சந்தடியில் இணைப்பு வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள், பில்லை வாங்குங்கள், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். 'உம்ம்' என்ற முனகல் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி பதிவு செய்து பாருங்கள். அதோடு முனகல் நின்றால் மைக்கின் மேல் குற்றமில்லை. நவம்பர் மழைக்காலத்தில் கண்டென்சர் மைக்கை மூடாமல் விட்டுவைத்தால் ஈரத்தால் படபடக்கத் தொடங்கக்கூடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

அந்த முதல் கண்டென்சர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சிறிய இன்டர்ஃபேஸ் வாங்கிச் சேர்த்தேன். திறந்த பீரோவைப் பார்த்து உட்கார்ந்து, மைக்கை மேலிருந்து கீழ்நோக்கி அரைச் சாணில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பகுதியின் முன்னுரையையும் அதில்தான் பேசுகிறேன். விசிறி மூன்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.