நெருக்கடிக் காலத்தில் நிதி நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைப் படிப்பது எப்படி?

கடன் தரும் நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்ததும் எல்லோரும் தேடுவது நிகர லாபம். பொருளாதாரம் தடுமாறும்போது அதைக் கடைசியில் பாருங்கள். வரப்போகும் இழப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில் நிர்வாகத்தின் மதிப்பீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒதுக்கீடு குறைந்தால் லாபம் தானாகக் கூடும். 2021 முதல் காலாண்டில் அமெரிக்க வங்கியான ஜேபி மோர்கன் சேஸ் சுமார் 1,430 கோடி டாலர் லாபம் காட்டியது. முன்பு ஒதுக்கியதில் 520 கோடி டாலரை, வரிக்கு முந்தைய கணக்கில், திரும்ப எடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே ஒதுக்கீட்டுக்கு முந்தைய இயக்க லாபத்தை, அதாவது வருமானத்தில் வட்டிச் செலவும் நடத்தும் செலவும் போக மிஞ்சுவதை, எடுங்கள். ஆண்டுக் கணக்காக்க நான்கால் பெருக்கி, நிறுவனம் கொடுத்த கடனின் சராசரி நிலுவையால் வகுங்கள். 3 சதவீதம் வந்தால், ஆண்டுக் கடன் இழப்பு அதைத் தாண்டும்வரை மூலதனம் கரையாது. இன்றைய இழப்பு 1 சதவீதம் என்றால் மூன்று மடங்கு வரை தாங்கும், 2.5 என்றால் தாங்கும் இடம் மிகக் குறைவு.

அடுத்து வாராக்கடன். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். 1,000 கோடிக் கடனில் 30 கோடி வாராக்கடன் என்றால் 3 சதவீதம். ஓராண்டில் கடன் 1,300 கோடியாகவும் வாராக்கடன் 36 கோடியாகவும் வளர்ந்தால் விகிதம் 2.77 ஆகக் குறைந்துவிடும்! புதுக்கடன் கெட்டுப்போக இன்னும் நாள் ஆகவில்லை, அவ்வளவுதான். 36-ஐப் பழைய 1,000-ஆல் வகுத்தால் 3.6 என்று உண்மை நிலை தெரியும். அந்த ஆண்டில் கணக்கிலிருந்து நீக்கிய கடனையும் 36-உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடனை மூன்று நிலைகளாகப் பிரிக்கும் ஐ.எஃப்.ஆர்.எஸ் 9 என்ற சர்வதேசக் கணக்கியல் முறையில் கணக்கு எழுதும் நிறுவனம் என்றால், இரண்டாம் நிலைக் கடன்தான் முன்னெச்சரிக்கை. தவணை 30 நாள் தவறினால் பொதுவாக அங்கே போகும். 90 நாள் தவறினால் மூன்றாம் நிலை. முதல் நிலையில் அடுத்த 12 மாதத்துக்கான இழப்பை ஒதுக்கினால் போதும். இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டால் கடனின் முழு ஆயுளுக்கும் ஒதுக்க வேண்டும். அதனால் இரண்டாம் நிலை வீங்கும் காலாண்டில் ஒதுக்கீடு அசையாமல் இருந்தால், காரணத்தை அறிக்கையில் தேடுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2022 இறுதியில் முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய பத்திரங்களில் சுமார் 1,500 கோடி டாலர் மதிப்பிழப்பு இருந்தது. பங்கு மூலதனமே சுமார் 1,600 கோடிதான். அந்த இழப்பு லாபக் கணக்கில் ஏறவில்லை, அறிக்கையில் தனியே சொல்லப்பட்டிருந்தது. 2023 மார்ச் 9 அன்று வைப்பாளர்கள் 4,200 கோடி டாலரை எடுக்க முனைந்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய கடனையும், கையிலுள்ள ரொக்கத்தையும் அருகருகே எழுதிப் பார்ப்பது பத்து நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

வரும் காலாண்டுகள் எப்படி இருக்கும் என்று நிர்வாகம் சொல்லும் முன்னோட்டத்தை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். முந்தைய நான்கு காலாண்டுகளில் சொன்ன எண், நடந்த எண் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கடன் இழப்பு மதிப்பீடு மூன்று முறை தொடர்ந்து உயர்த்தப்பட்டிருந்தால், இப்போது சொல்லும் எண்ணையும் உயர்த்தியே கணக்கிடுங்கள்.